ரோமானிய எகிப்தின் சுடுமண் இசைக்கலைஞர்கள்: பதிவேட்டில் தேடுவது முதல் படத்தை அச்சேற்றுவது வரை ஒரு வழிகாட்டி

இரட்டைக் குழல் ஊதும் பெண், வட்டப் பறையை அறையும் குள்ளத் தெய்வமான பெஸ், கோண யாழை மடியில் சாய்த்து மீட்டும் கலைஞர் என, தாலமியர் என்ற கிரேக்க அரச மரபின் காலத்திலும் அதற்கடுத்த ரோமானியர் காலத்திலும் எகிப்தில் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்ட சுடுமண் பாவைகள் இன்று லண்டன், பாரிஸ், பெர்லின், நியூயார்க், அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றுள் காட்சிப் பேழையில் இடம்பெற்றவை குறைவு. மற்றவை சேமிப்பறையின் இழுப்பறைகளில் இருக்கின்றன. முறையாகக் கேட்டால் அவற்றை மேசைமேல் வைத்துப் பார்க்க அனுமதிக்கும் அருங்காட்சியகங்கள் பல உண்டு. பழங்கால இசைக்கருவிகளில் ஆர்வமுள்ள, ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராத ஒருவராக நான் இந்த வழியில் போனபோது, யாரிடம் எதை எப்போது கேட்பது என்பதை ஒரே இடத்தில் சொல்லித் தருவார் யாரும் இல்லை. நீங்களும் அப்படி அலைய வேண்டியதில்லை என்பதற்காகவே, ஆவணம், செலவு, கால அளவு ஆகியவற்றை முன்னிறுத்தி இதை எழுதுகிறேன். அச்சுப் பாவைகளின் வரலாற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

1. பாவையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதன் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

அருங்காட்சியகத்தில் எண் இல்லாமல் எதுவும் நகராது. "உங்களிடம் உள்ள இசைக்கலைஞர் பாவைகளைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால், அதற்குப் பதில் எழுதக் காப்பாட்சியர் ஒருவர் அரை நாள் தேட வேண்டியிருக்கும். அந்த அரை நாள் பெரும்பாலும் அவருக்குக் கிடைக்காது. பத்துப் பாவைகளின் பதிவு எண்களைப் பட்டியலிட்டு எழுதினால், அவை எந்தச் சேமிப்பறையில் இருக்கின்றன என்பதை மட்டும் அவர் பார்த்தால் போதும்.

எண்ணின் வடிவம் ஒவ்வோர் இடத்திலும் வேறுபடும், அந்த வடிவமே ஒரு செய்தியைச் சொல்லும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1886,0401 என்று ஓர் எண் தொடங்கினால், அந்தப் பொருள் 1886 ஏப்ரல் 1 அன்று பதிவானது என்று பொருள். புள்ளிக்குப் பின் வருவது அந்தத் தொகுதிக்குள் அதன் வரிசை. அதே அருங்காட்சியகத்தின் எகிப்து, சூடான் துறைப் பொருட்களுக்கு 'ஈஏ' என்ற முன்னொட்டோடு தனி எண் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பெட்ரி அருங்காட்சியகத்தில் 'யூசி' என்ற முன்னொட்டு வரும். பாரிஸின் லூவ்ரில் எகிப்தியத் துறைப் பொருட்கள் பலவற்றுக்கு 'ஈ' என்ற எழுத்தும், கிரேக்க ரோமானியத் துறையில் 'சிஏ' போன்ற எழுத்துகளும் முன்னால் நிற்கும்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. ரோமானிய எகிப்தின் பாவை எகிப்தியப் பொருளா, ரோமானியப் பொருளா என்பதை ஒவ்வோர் அருங்காட்சியகமும், சில வேளைகளில் ஒரே அருங்காட்சியகத்தின் வெவ்வேறு தலைமுறையினரும், வெவ்வேறு விதமாக முடிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு பாவைகள்கூட ஒரே கட்டடத்தில் இரண்டு துறைகளின் பொறுப்பில் இருக்கக்கூடும். ஒரு துறைக்கு எழுதி "எங்களிடம் இவ்வளவுதான்" என்ற பதில் வந்தால், அது அந்தத் துறையைப் பற்றிய பதில் மட்டுமே. இரண்டு துறைகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு கடிதங்களிலும் மற்றதைக் குறிப்பிடுங்கள்.

2. இணையப் பதிவேட்டைப் பல சொற்களால் துழாவுங்கள்

பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெட்ரி, லூவ்ர், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்தும் கெல்சி ஆகிய அருங்காட்சியகங்களின் பதிவேடுகளை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். லூவ்ரின் பதிவேடு 2021 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் பிரெஞ்சுச் சொற்களை இட்டுத் தேடினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

'இசைக்கலைஞர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டுத் தேடுவது பெருந்தவறு. நமக்கு வேண்டிய பாவைகளில் பல அந்தச் சொல்லின் கீழ் பதிவாகவே இல்லை. பறை வைத்திருக்கும் பெஸ், 'பெஸ்' என்றுதான் பதிவாகியிருப்பார்; லைர் என்னும் கிரேக்க யாழை மீட்டும் சிறகுள்ள சிறுவன், காதல் தெய்வமான 'ஈரோஸ்' என்று இருப்பான்; ஊதுகுழல் வரிசையோடு நிற்பவர், ஆட்டுக்கால் கொண்ட கிரேக்கத் தெய்வமான 'பேன்' என்று இருப்பார்; ஐசிஸ் தெய்வத்தின் கையிலுள்ள சிஸ்ட்ரம் என்னும் கிலுக்குக் கருவி விவரணையின் கடைசி வரியில் இருக்கும். ஆகவே முதலில் கருவிகளின் பெயர்களால் தேடுங்கள்: ஆலோஸ் (இரட்டைக் குழல்), லைர், கிதாரா (பெரிய லைர்), ஹார்ப் (யாழ்), லூட் (கழுத்துள்ள நரம்புக் கருவி), சிரிங்க்ஸ் (ஊதுகுழல் வரிசை), டிம்பனம், டம்பரீன் (வட்டப் பறைகள்), சிம்பல் (தாளம்), குரோட்டலா (கையில் தட்டும் கட்டைகள்), சிஸ்ட்ரம். அடுத்து தெய்வங்களின் பெயர்களால் தேடுங்கள். பொருள் வகையில் 'ஃபிகரைன்' என்று மட்டும் இட்டால் 'ஃபிகர்' என்று பதிவானவை விடுபடக்கூடும். விளக்கு, கிலுகிலுப்பை, அச்சு ஆகிய வகைகளையும் விடாதீர்கள், ஏனெனில் இசைக்கலைஞர் உருவம் விளக்கின் உடலாகவும் வருவதுண்டு.

தேடிய நாளை ஒவ்வொரு பதிவின் அருகிலும் குறித்து வையுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேமிப்பிலிருந்து பொருட்கள் காணாமற்போனது 2023 ஆகஸ்டில் வெளிவந்தபின், தன் தொகுப்பு முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்குள் இணையத்தில் ஏற்றப் போவதாக அந்த அருங்காட்சியகம் அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. எனவே பதிவுகள் சேர்ந்துகொண்டும் திருத்தப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. இன்று கிடைக்காத படம் ஆறு மாதம் கழித்துக் கிடைக்கலாம்.

3. கண்டெடுத்த இடமா, விற்றவர் சொன்ன இடமா என்று பிரித்து எழுதுங்கள்

பதிவில் எகிப்தின் ஒரு வட்டாரமான 'ஃபையூம்' என்று இருப்பதாலேயே அந்தப் பாவை ஃபையூமில் தோண்டி எடுக்கப்பட்டது என்று கொள்ளாதீர்கள். கெய்ரோவின் பழம்பொருள் வணிகர்களிடம் வாங்கப்பட்ட பாவைகளுக்கு வணிகர் வாய்மொழியாகச் சொன்ன ஊர்ப்பெயர் அப்படியே பதிவேட்டில் ஏறியிருக்கிறது. "கண்டெடுக்கப்பட்டது" என்பதற்கும் "அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அட்டவணையில் தனி நிரலாகவே வையுங்கள்.

அகழாய்விலிருந்து வந்தவற்றுக்கு முன்னுரிமை தருவது என் உறுதியான பரிந்துரை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1924 முதல் 1935 வரை ஃபையூமின் வடகிழக்கு விளிம்பிலுள்ள கரானிஸ் ஊரைத் தோண்டியபோது, எந்த வீட்டில் எந்த அடுக்கில் எது கிடைத்தது என்பதைக் குறித்து வைத்தது. கெல்சி அருங்காட்சியகத்தின் கரானிஸ் பாவைகளுக்கு அந்த மதிப்பு உண்டு. நைல் கழிமுகத்திலுள்ள நவுக்ராட்டிஸில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1884-85 இல் தொடங்கிய அகழாய்வின் பொருட்கள் பல நாடுகளின் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அவற்றை மீண்டும் ஒரே இடத்தில் தொகுக்கும் இணையப் பதிவேடு ஒன்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெளியிட்டிருக்கிறது. இப்படி ஊர் உறுதியான பாவைகள் ஐந்து கிடைத்தாலும், ஊர் தெரியாத ஐம்பதைவிட அவை உங்களுக்குப் பயன்படும்.

கால அளவையும் குறுக்காதீர்கள். "கி.பி. முதல் நூற்றாண்டு முதல் மூன்றாம் நூற்றாண்டு வரை" என்று பதிவில் இருந்தால் அது சோம்பலால் எழுதப்பட்டதன்று, தலைமுடி ஒப்பனையையும் வடிவ ஒப்புமையையும் மட்டும் கொண்டு அதற்குமேல் நெருங்க முடியாததால் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

4. வேண்டுகோள் கடிதம்

வர விரும்பும் நாளுக்கு எட்டு வாரம் முன்னதாக எழுதுங்கள். ஆறு வாரத்துக்குக் குறைந்தால் நெருக்கடிதான். ஆகஸ்டிலும் டிசம்பர் பிற்பகுதியிலும் பொறுப்பாளர்கள் விடுப்பில் இருப்பதால் பதில் இன்னும் தாமதமாகும். பொருட்களின் ஒரு பகுதி நகரத்துக்கு வெளியிலுள்ள சேமிப்புக் கட்டடத்தில் இருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு லண்டனிலிருந்து தொலைவில், ரெடிங் நகருக்கு அருகே ஷின்ஃபீல்டில், ஆய்வுச் சேமிப்பு மையம் ஒன்று உண்டு. நீங்கள் கேட்கும் பாவை எங்கே இருக்கிறது, எங்கே காட்டப்படும் என்று கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், எதைப் பற்றி எழுதுகிறீர்கள், அது எங்கே வெளிவரும் என்பது ஒரு பத்தி. இணையத்திலுள்ள படத்தால் தீராத எந்தக் கேள்விக்காக நேரில் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பத்தி; காப்பாட்சியர் முடிவு செய்வது இந்தப் பத்தியைப் படித்துத்தான். "பாவையின் இடக்கையில் இருப்பது பறையா கேடயமா என்பதை அதன் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்பது ஏற்கத்தக்க காரணம். "நேரில் பார்க்க ஆசை" என்பது அவர்களைப் பொறுத்தவரை காட்சிக்கூடத்துக்கான காரணம். மூன்றாவதாக எண்களின் பட்டியல், முன்னுரிமை வரிசையில். முதல் வருகைக்குப் பத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஒரு பாவையை ஒழுங்காக அளந்து, படமெடுத்து, குறிப்பெழுத அரை மணி நேரம் ஆகும். கடைசியாக, இரண்டு மாற்றுத் தேதிகள், உங்களை அறிந்த ஆசிரியர் அல்லது ஆய்வாளர் ஒருவரின் அறிமுகக் கடிதம்.

பல்கலைக்கழக முகவரி இல்லாதது தடையன்று. ஆனால் அறிமுகக் கடிதம் இல்லாதது தடையாகலாம். உள்ளூர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவரோ, அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரோ, இசைக் கல்லூரிப் பேராசிரியரோ முகப்புத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு பெரிய அருங்காட்சியகத்திலிருந்து எனக்கு நெடுநாள் பதிலே வரவில்லை. அறிமுகக் கடிதத்தை இணைத்து மீண்டும் எழுதிய பின்னரே தேதி கிடைத்தது.

எகிப்திலுள்ள பாவைகளுக்கு வழி வேறு. 2005 இல் மூடப்பட்டு 2023 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்ட அலெக்சாந்திரியாவின் கிரேக்க ரோமானிய அருங்காட்சியகத்தில் காட்சியில் உள்ளவற்றை நுழைவுச்சீட்டு வாங்கி யாரும் பார்க்கலாம். சேமிப்பில் உள்ளவற்றை ஆராய அந்நாட்டின் தொல்பொருள் உயர் மன்றத்துக்கு நிறுவனம் ஒன்றின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக் கணக்கில் ஆகும். முதல் முயற்சியை அங்கே தொடங்க வேண்டாம்.

5. ஆவணமும் செலவும்

ஆய்வறையில் பார்ப்பதற்குக் கட்டணம் கேட்பது வழக்கமன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெட்ரி இரண்டுக்கும் நுழைவுக் கட்டணமும் இல்லை; இரண்டும் லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில் நடக்கும் தொலைவில் இருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்; ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அதன் நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரி முதல் 32 யூரோ.

செலவின் பெரும்பகுதி விசா, விமானம், தங்குமிடம் ஆகியவற்றுக்கே போகும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரிட்டனின் வழக்கமான வருகையாளர் விசா வேண்டும்; அதன் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. அந்தக் கட்டணம் அடிக்கடி உயர்வதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பின் பொதுவாக மூன்று வாரத்துக்குள் முடிவு வரும். பாரிஸுக்கும் பெர்லினுக்கும் ஷெங்கன் விசா வேண்டும்: கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம், முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளைகளில் 45 நாள் வரை ஆகலாம். இரண்டு விசாக்களும் தனித்தனி என்பதால், முதல் பயணத்தை ஒரே நாட்டோடு நிறுத்திக்கொள்வது பணத்தையும் மன அமைதியையும் காக்கும்.

வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் அருங்காட்சியகத்தின் தேதி உறுதிக் கடிதம், அடுத்து விசா, அதன்பின் விமானச் சீட்டு. உறுதிக் கடிதத்தின் அச்சுப்படி விசா விண்ணப்பத்தில் பயண நோக்கத்துக்குச் சான்றாகும். வங்கிக் கணக்கு அறிக்கை, பணியிட விடுப்புக் கடிதம், தங்குமிட விவரம், அறிமுகக் கடிதத்தின் நகல் ஆகியவற்றையும் இணையுங்கள். சொத்து ஆவணமோ வேறு சான்றோ தமிழில் இருந்தால், பிரிட்டன் விசாவுக்கு அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை; அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவையும், மொழிபெயர்ப்பு மூலத்துக்குப் பொருந்துவது என்ற உறுதிமொழியும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

6. ஆய்வறை மேசையில்

கடவுச்சீட்டு, பென்சில், கோடில்லாத தாள், பிளாஸ்டிக் தடிமானி (காலிப்பர்), சென்டிமீட்டர் அளவுகோல், கைபேசியோ ஒளிப்படக் கருவியோ: இவ்வளவு போதும். பேனாவும் உலோகத் தடிமானியும் மேசைக்கு வரக் கூடாது. ஒளிவீச்சு விளக்கு (ஃபிளாஷ்) கூடாது. பக்கவாட்டு ஒளிக்கு ஒரு சிறு விளக்கைப் பயன்படுத்தலாமா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

இந்தப் பாவைகளைக் கையாள்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவற்றின்மேல் வெள்ளைப் பூச்சிட்டு, சுட்டபின் அதன்மேல் இளஞ்சிவப்பு, கறுப்பு, நீலம் முதலிய வண்ணங்களைத் தீட்டினார்கள். வண்ணம் சூளையில் சுடப்படாததால் விரல் பட்டாலே உதிரும். கண்ணுக்குத் தெரியாத வண்ணத் துகள் ஆடை மடிப்பிலும் விரலிடுக்கிலும் காதோரத்திலும் ஒட்டியிருக்கும். எனவே பாவையைத் தலையையோ கருவியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. அடிப்பகுதியிலும் முதுகிலும் இரு கைகளால் தாங்கி, மெத்தைக்கு மேலேயே சில விரற்கடை உயரத்தில் திருப்ப வேண்டும். பொறுப்பாளர் தானே திருப்பிக் காட்டுகிறேன் என்றால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள். உள்ளே ஏதோ உருள்வதுபோல் தோன்றினாலும் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

படமெடுக்கும் வரிசை: முன், பின், இரு பக்கங்கள், மேல், அடி, பின்னர்க் கருவியும் கைகளும் அருகில், அதன்பின் உடைந்த விளிம்பு. ஒவ்வொன்றிலும் அளவுகோலும் எண் எழுதிய சீட்டும் தெரிய வேண்டும்.

7. கையில் இருப்பது இசைக்கருவிதானா?

மேசைமேல் செலவிடும் நேரத்தின் பாதியை இதற்கே கொடுங்கள். பதிவேட்டில் 'டம்பரீன்' என்று இருப்பது முதலில் பார்த்த ஒருவர் எழுதிய கருத்து. அதை உறுதி செய்யவோ மறுக்கவோதான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

வட்டமான பொருளில் குழப்பம் மிகுதி. பெஸ் தெய்வம் பறையோடும் வருவார், வாளும் கேடயமும் ஏந்திப் போர்வீரராகவும் வருவார். வலக்கை ஓங்கியிருந்து அதில் வாளோ வாளின் உடைந்த பிடியோ இருந்தால், இடக்கையில் உள்ளது கேடயம். இரு கைகளும் வட்டத்தை நோக்கி வந்து, ஒரு கை விளிம்பைத் தாங்க, மற்றதன் உள்ளங்கை தட்டையாக அந்த வட்டத்தின் பரப்பில் படிந்திருந்தால், அது பறை. விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: பறைக்கு மரச் சட்டத்தின் அகலம் தெரியும், கேடயத்தின் நடுவில் புடைப்போ கைப்பிடி வாரோ இருக்கலாம். நம் கஞ்சிராவைப் பிடிப்பவர் விரல்களை வைக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கண் எளிதில் பழகும்.

இன்னொரு குழப்பம் ஹார்பொகிராட்டீஸ் என்னும் குழந்தைத் தெய்வம். இடக்கை அணைத்திருக்கும் உருண்டைப் பொருளைப் பலர் முதற்பார்வையில் முழவு என்று எண்ணுவார்கள். அது பானை, வலக்கை அதன் வாய்க்குள் போயிருக்கும். தோலின் இழுப்புக் கயிறோ தட்டும் கையோ தெரியாதவரை அதை இசைக்கருவிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊதுகருவியில், கிரேக்கர் ஆலோஸ் என்றும் ரோமானியர் டிபியா என்றும் சொன்ன இரட்டைக் குழல் மெலிந்த பகுதி என்பதால் பெரும்பாலும் உடைந்திருக்கும். வாயருகே இரண்டு முறிவுத் தடங்களும், மார்பருகே முன்னே வந்த கைகளும் இருந்தால் அது இரட்டைக் குழலாகக்கூடும். ஒரு குழலின் முனை மட்டும் கொம்புபோல் மேல்நோக்கி வளைந்திருந்தால் அதைத் தவறாமல் குறியுங்கள். ஃபிரிஜியக் குழல் எனப்படும் அந்த வகை ரோமானிய காலக் கலையில் அடிக்கடி வருவது. பாதத்தின் அடியில் தட்டையான பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்: குழல் ஊதுவோர் காலால் தாளம் தட்டும் ஸ்கபெல்லம் அது, அடிப்பீடத்தின் ஒரு பகுதி என்று எளிதில் கடந்துவிடுவோம்.

நரம்புக் கருவிகளில் நரம்புகளை எண்ண முயலாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இசைத்துறையிலிருந்து வருபவர்கள் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். ஒரு பாவையிலிருந்து புதிய அச்சு எடுத்து, அதிலிருந்து மறுபடியும் பாவை எடுப்பது அன்றைய பட்டறை வழக்கம். ஈரக் களிமண் உலர்ந்து சுடப்படும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் பாவை சிறுத்து, கோடுகள் மழுங்கும். மூன்றாம் தலைமுறைப் பாவையின் லைரில் தெரியும் நான்கு கோடுகள், முதல் பாவையில் ஏழாக இருந்திருக்கலாம். அல்லது கைவினைஞர் மழுங்கிய கோடுகளைத் தன் போக்கில் கீறியதாகவும் இருக்கலாம். கருவியின் நீளத்தை உருவத்தின் உயரத்தோடு விகிதம் பார்த்து மெய்க்கருவியின் அளவைக் கணக்கிடுவதும் அப்படியே தவறு. அச்சிலிருந்து முறியாமல் வெளிவர வேண்டும் என்பதற்காகக் கருவிகள் உடலோடு ஒட்டியும் சுருக்கியும் அமைக்கப்பட்டன. கருவியின் வகை, பிடிக்கும் முறை, கைகளின் நிலை, உடன் வரும் கருவி: இந்த நான்கையும் நம்பலாம்.

இதனாலேயே உயரத்தை மில்லிமீட்டர் வரை அளப்பது வீண்வேலை அன்று. ஒரே வகைப் பாவைகள் இரண்டு அருங்காட்சியகங்களில் இருந்து, ஒன்று மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருந்தால், அவை ஒரே அச்சுவழியின் அடுத்தடுத்த தலைமுறைகள் என்று கருத இடமுண்டு. மொத்த உயரம் உடைவால் பயன்படாது. முகவாய் முதல் நெற்றி முடி வரை, தோள் முதல் தோள் வரை என உடையாத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பாவைகளிலும் அவற்றையே அளங்கள்.

8. முதுகைத் திருப்பிப் பாருங்கள்

இணையத்தில் முதுகுப்புறப் படம் கிடைப்பது அரிது. நேரில் வந்ததன் பெரும்பயன் இதுதான். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி அச்சில் எடுக்கப்பட்டு இணைக்கப்பட்டதால் பக்கவாட்டில் பொருத்துக்கோடு தெரியும். முதுகில் வட்டத் துளை இருந்தால் அதன் விட்டத்தை அளங்கள்; சூளையில் ஆவி வெளியேறுவதற்கான துளை அது. மண்ணின் நிறத்தை உடைந்த விளிம்பில் பாருங்கள்: நைல் வண்டல் மண் சுட்டால் பழுப்பு, செம்பழுப்பு ஆகும். வெளிறிய, நுண்ணிய மண் வந்தால் குறித்துக்கொண்டு பொறுப்பாளரிடம் கேளுங்கள். உள்ளே கைவினைஞர் களிமண்ணை அழுத்திய விரல் தடங்கள் இருக்கும், படமெடுக்க மறவாதீர்கள்.

ஒட்டுவேலையையும் தேடுங்கள். வேறொரு பாவையின் தலையைப் பொருத்துவதும், இல்லாத கையைச் சுண்ணச் சாந்தால் செய்து பழுப்பு வண்ணம் பூசுவதும் பழைய வணிகர்கள் செய்த வேலை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மண்ணின் நிறம் மாறுகிறதா, கருவி இருக்கும் கை உடலோடு ஒரே மண்தானா என்று கேளுங்கள். கருவியே பின்னாளில் ஒட்டப்பட்டது என்றால் அந்தப் பாவையை வைத்து எதையும் எழுத முடியாது.

9. படத்தை அச்சிட உரிமம்

ஆய்வறையில் நீங்கள் எடுத்த படம் பெரும்பாலும் சொந்த ஆய்வுக்கு மட்டும். வெளியிடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். நீங்கள் கையெழுத்திடும் படிவத்தில் அது எழுதியிருக்கும், முழுவதும் படியுங்கள்.

மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரி முதல் உரிமை காலாவதியான பொருட்களின் படங்களை, பதிவில் 'ஓபன் ஆக்சஸ்' குறி இருந்தால், எந்தக் கட்டணமும் நிபந்தனையும் இன்றிப் பயன்படுத்த விட்டிருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் படங்களை, பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் பகிரலாம். விலை வைத்து விற்கும் நூலானால் அதன் பட விற்பனைப் பிரிவிடம் கேட்க வேண்டும். லூவ்ர் படங்களை அச்சு நூலில் வெளியிட பிரான்ஸ் நாட்டு அருங்காட்சியகங்களுக்கான ஒளிப்பட முகமையை அணுக வேண்டியிருக்கும். பாவைக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்பதால் அதன் படமும் பொதுவுடைமை என்று கருதாதீர்கள். முப்பரிமாணப் பொருளுக்கு ஒளியும் கோணமும் தேர்ந்து எடுத்த படத்தில் ஒளிப்படக்காரரின் உரிமை இருக்கலாம்.

உரிமம் கேட்கும்போது நூலின் தலைப்பு, பதிப்பாளர், படி எண்ணிக்கை, மொழி, பக்கத்தில் படத்தின் அளவு, மின்னூல் உண்டா என்பவற்றைக் கேட்பார்கள். தமிழில் ஐந்நூறு படி மட்டும் அச்சிடும் சிறு பதிப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கட்டணக் குறைப்புக் கேளுங்கள். கேட்காதவருக்கு முழுக் கட்டணம்தான். மின்னூலைப் பின்னர்ச் சேர்த்தால் மீண்டும் கட்டணம் வரும் என்பதால் தொடக்கத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். பதிவில் படமே இல்லாத பாவைக்குப் புதிதாகப் படமெடுத்துத் தரச் சொன்னால் தனிக் கட்டணமும் பல வாரக் காத்திருப்பும் உண்டு. அச்சுக்குப் போவதற்கு ஆறு மாதம் முன்னதாக அந்த வேண்டுகோள் போய்ச் சேர வேண்டும்.

10. விற்பனைக்கு வரும் பாவைகளை வாங்காதீர்கள்

தேடத் தொடங்கியவுடன் ஏல நிறுவனங்களின் விளம்பரங்களும் கண்ணில் படும். எகிப்தின் 1983 ஆம் ஆண்டின் 117 ஆம் எண் சட்டம் அந்நாட்டில் தொல்பொருள் வணிகத்தை ஒழித்துவிட்டது. அதற்குப் பின் அங்கிருந்து வெளியேறிய பாவை எதுவாயினும் அது கடத்தலாகவே இருக்கக்கூடும். "பழைய ஐரோப்பியத் தனியார் தொகுப்பு" என்ற ஒற்றை வரி கைமாறிய வரலாறாகாது; தேதியிட்ட விற்பனைச் சீட்டோ, பழைய ஏலப் பட்டியலோ, ஏற்றுமதி அனுமதியோ இருந்தால்தான் அது ஆவணம்.

சூளைக் காலத்தைச் சொல்லும் வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழைக் காட்டி நம்பவைப்பார்கள். துளையிட்டு மண்ணெடுத்த அந்த ஒரு புள்ளி கடைசியாக எப்போது சூடேறியது என்பதை மட்டுமே அது சொல்லும். பழைய உடலில் புதிய கையும் கருவியும் ஒட்டியிருந்தால் சான்றிதழ் அதைக் காட்டிக் கொடுக்காது. பாவை பழையதென்றே வைத்துக்கொண்டாலும், அது திருடப்பட்டதன்று என்பதற்கு அந்தச் சோதனை சான்றாகாது.

11. திரும்பி வந்த பின்

குறிப்புகளை ஒரு வாரத்துக்குள் தட்டச்சு செய்யுங்கள். படக் கோப்புகளின் பெயரில் அருங்காட்சியகத்தின் சுருக்கப் பெயரும் பதிவு எண்ணும் படக் கோணமும் இருக்கட்டும். பதிவேட்டில் கேடயம் பறையாகவோ பானை முழவாகவோ எழுதப்பட்டிருப்பதைக் கண்டால், காரணத்தையும் படத்தையும் இணைத்துக் காப்பாட்சியருக்கு எழுதுங்கள். பணிவான, ஆதாரமுள்ள திருத்தங்களை அவர்கள் வரவேற்கிறார்கள். கட்டுரை வெளிவந்ததும், உரிமத்தில் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், ஒரு படியை அருங்காட்சியகத் துறை நூலகத்துக்கு அனுப்புங்கள். அது தமிழில் இருந்தால் அரைப் பக்க ஆங்கிலச் சுருக்கத்தையும் பதிவு எண்களின் பட்டியலையும் உடன் வையுங்கள். அந்தப் பட்டியல் இருந்தால்தான் உங்கள் கட்டுரையை அந்தப் பாவையின் பதிவோடு அவர்களால் இணைக்க முடியும்.